‘ஏன் ஆண்டவரே?’ என்று கேட்பது பாவமா? (வாசகர் கேள்வி – பதில்)

துன்பமும் விசுவாசமும் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பெயர்களை விட்டுவிட்டோம். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம். ஒரு கடிதம் உயிர் சம்பந்தப்பட்டது. அதற்கு முதலில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: எனக்கு நாற்பது வயது. மனைவி பிரிந்து போய்விட்டார். வேலையும் போய்விட்டது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாய் வரவில்லை. ராத்திரியில், நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றுகிறது. இப்படி நினைப்பது விசுவாசத் துரோகமா?

இல்லை, தம்பி. எலியா தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரிடமே கேட்டார் (1 இராஜாக்கள் 19). அவருக்குக் கண்டனம் எதுவும் வரவில்லை. ஆண்டவருடைய தூதன் அவரைத் தூங்கவிட்டான். எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். பேச்சு அதற்குப் பிறகுதான். உங்களுக்கும் அதே வரிசைதான் இப்போது தேவை. ஜெபம் வராதது பற்றிய கவலையை ஓரமாக வையுங்கள்.

இந்தப் பக்கத்தை வாசித்து முடிக்கும் முன் ஃபோனை எடுங்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அரசின் உதவி எண்கள்: தாலியான் காசே 15999, ஹீல் 15555. கையில் எதையாவது எடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தால் 999, அல்லது நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவு. முயற்சி செய்தேன் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பலர் வாயைத் திறப்பதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிவிட்டது. அந்தப் பயம் இனி வேண்டாம்.

இன்றிரவே ஒருவரிடம் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல், ‘எனக்குச் சாகத் தோன்றுகிறது, என்னைத் தனியாக விடாதே’ என்ற சொற்களிலேயே சொல்லுங்கள். ‘மனசு சரியில்லை’ என்று மட்டும் சொன்னால், ‘எல்லாம் சரியாயிடும்பா’ என்று எதிராளி போய்விடுவார். வீட்டில் களைக்கொல்லி, பூச்சிமருந்து, மிச்சமிருக்கும் மாத்திரைகள் இருந்தால் இன்றே வேறொருவர் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். இந்த எண்ணம் அலையாக ஏறி இறங்கக்கூடியது. ஏறும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாதிருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

இதை வாசிக்கும் குடும்பத்தாருக்கு: சந்தேகம் இருந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது.

கேள்வி: செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டும்போது, விழுந்த குலை என் கணவர் முதுகில் பட்டுத் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். சபையில் சிலர் ‘ஆண்டவர் சோதிக்கிறார்’ என்கிறார்கள். ஒருவர் ‘குடும்பத்தில் ஏதோ பாவம் இருக்கு, அறிக்கை பண்ணுங்க’ என்றார். ஜெபத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. ‘ஏன் ஆண்டவரே?’ என்று கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள், சகோதரி. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நீங்கள் கேட்பது வேதத்துக்கு வெளியிலிருந்து வரும் கேள்வி அல்ல.

பாவத்தால்தான் என்று சொன்னவருக்கு யோவான் 9ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிறவிக் குருடனைப் பார்த்த சீடர்கள், இது இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இயேசு இரண்டையும் மறுத்துவிட்டு அந்த மனிதனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்த செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரையும்விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். வயதான செம்பனை மரத்தின் குலை 20 கிலோவைத் தாண்டும். உயரத்திலிருந்து அது விழும்போது கீழே நிற்பவர் நீதிமானா பாவியா என்று பார்த்து விழுவதில்லை. விபத்துக்கு மரத்தின் உயரம், நின்ற இடம், ஈரத் தரை, அவசரம் என்று காரணங்கள் உண்டு. அவற்றில் உங்கள் குடும்பத்தின் பாவம் சேராது.

சோதனை என்று சொன்னவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. சோதனை பொறுமையை உண்டாக்கும் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார், உண்மை. ஆனால் அதைச் சொல்லும் உரிமை வலிப்பவருக்கே உண்டு, அவருக்குத் தோன்றும் நேரத்தில். பத்து நிமிடம் பார்க்க வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடும் சொல் அல்ல அது.

கோபத்தோடு எப்படி ஜெபிப்பது? 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (கத்தோலிக்க வேதாகமத்தில் 13ஆம் திருப்பாடல்). ஆறே வசனம். ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் பதினைந்து நிமிடமும் போதும். முதலில் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். முதல் இரண்டு வசனத்தில் ‘எதுவரைக்கும்’ என்று நான்கு முறை வருகிறது. நீங்களும் நான்கு ‘எதுவரைக்கும்’ எழுதுங்கள், உங்கள் வீட்டு விஷயமாகவே. ‘எதுவரைக்கும் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டி பிடித்து அலைவேன்?’ ‘எதுவரைக்கும் இவருக்குப் படுக்கைப்புண் ஆறாமல் இருக்கும்?’ பொதுவாக ‘எதுவரைக்கும் கஷ்டம்?’ என்று எழுதினால் மனம் அதில் ஒட்டாது. கோபம் ஆண்டவர்மேல் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம்.

மூன்றாம், நான்காம் வசனங்கள் விண்ணப்பம். இங்கே ஒரே ஒன்றைக் கேளுங்கள், அதுவும் இந்த வாரத்துக்கு உரியதாக. பூரண சுகத்தைக் கேட்கக் கூடாது என்று சொல்லவில்லை. தினமும் அதை மட்டும் கேட்டு, தினமும் நடக்கவில்லை என்று கணக்கு வைத்தால் ஒரு மாதத்தில் ஜெபமே விட்டுப்போகும். ‘இந்த வாரம் இரண்டு ராத்திரியாவது நான் தூங்க வேண்டும்’ என்பதும் விண்ணப்பம்தான்.

கடைசி இரண்டு வசனம் நம்பிக்கை. இங்கேதான் பலர் பொய் சொல்லிவிடுகிறார்கள். வராத நன்றியை வரவழைத்து எழுதிவிட்டு, மறுநாள் முழுவதையும் வெறுக்கிறார்கள். உங்களால் சொல்ல முடியாத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள், அல்லது உங்களுக்காக இன்னொருவரைச் சொல்லச் சொல்லுங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரியே இல்லாமல் முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. நடு ராத்திரியில் இதைச் செய்யாதீர்கள். அந்த நேரத்தில் முறையீடு சுழலாக மாறி உங்களையே இழுக்கும். பகலில், சாப்பிட்டபின் செய்யுங்கள். மூன்று வாரமாக அதே நான்கு வரிகளையே எழுதிக்கொண்டிருந்தால் தனியாகச் செய்வதை நிறுத்தி, வாரம் ஒருமுறை நம்பிக்கையான ஒருவரோடு உட்காருங்கள்.

ஜெபத்தோடு சேர்த்து இதையும் கேட்டே ஆக வேண்டும்: சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) விண்ணப்பம் போனதா? விபத்தைப் பற்றித் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் போரம் 34 (விபத்து அறிவிப்புப் படிவம்) வழியாக முதலாளி அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அறிவிக்கவில்லையென்றால் நீங்களே ஈப்போ அலுவலகத்துக்குப் போங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாம், விபத்து நடந்த அன்று பதிவான மருத்துவமனைக் குறிப்பு, உடன் இருந்த தொழிலாளியின் பெயர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எம்சி காலத்துக்குச் சராசரி நாள் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தர ஊனத்தை மருத்துவ வாரியம் தனியாக மதிப்பிடும். முழு ஊனமாகி, எப்போதும் ஓர் ஆள் பக்கத்தில் இருக்க வேண்டிய நிலை என்றால் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையம் இருக்கிறது. அங்கே அனுப்பலாமா என்று கேஸ் பார்க்கும் அதிகாரியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலே போய்விடுகிறது. அறுத்தவர்களுடைய கூலி பிடிக்கப்பட்டால் அந்தக் கூலியே கூக்குரலிடும், அது ஆண்டவர் செவியில் விழும் என்று யாக்கோபு 5ஆம் அதிகாரம் சொல்கிறது. உரிமையைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. இன்சுலினும் போடுகிறார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில் ‘சுகம் கிடைத்தாயிற்று, மருந்தை நம்பாதே’ என்று சொன்னதிலிருந்து இரண்டையும் விடப் பார்க்கிறார். மூன்று நாள் உபவாசமும் இருக்கப் போகிறாராம். என்ன சொல்லித் தடுப்பது?

இன்றைக்கே தடுக்க வேண்டும். டயாலிசிஸ் வழக்கமாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல ஆகும். அதை விட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது இதயத்துடிப்பைக் குலைத்து, முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்திவிடக்கூடும். நீர் நுரையீரலில் தங்கி மூச்சுத் திணறும். ‘மருந்தை விட்டும் இரண்டு நாள் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பது ஏமாற்றும் அறிகுறி. ஆபத்து உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.

இவர் நிலையில் உபவாசம் வேண்டவே வேண்டாம். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை 4 mmol/Lக்குக் கீழே போகும். வேர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் 15 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு மேசைக்கரண்டி, கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடியும் சோதியுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999க்கு அழையுங்கள். உபவாசம் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், டிவியையும் ஃபோனையும் மூன்று நாள் விடட்டும்.

‘சிறுநீரகத்துக்கு நல்லது’ என்று யாராவது பெலிம்பிங் சாறு கொடுத்தால் வாங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்த நட்சத்திரப் பழம் நஞ்சு. விக்கல், குழப்பம், வலிப்புவரை கொண்டுபோகும்.

அப்பாவிடம் வேதத்தைக் கொண்டே பேசுங்கள். உங்கள் சொல்லுக்கு மசியாதவர் அதற்கு மசியலாம். எசேக்கியா ராஜாவுக்கு ஆயுள் கூட்டிக் கொடுத்த அதே வேளையில், கட்டியின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார் ஏசாயா. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசத்தை எழுதிக் கொடுத்தார். பவுலோடு இருந்த லூக்கா வைத்தியர். நோயாளிக்கு மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு 5:14இல், மருந்தை நிறுத்து என்ற வார்த்தை கிடையாது.

எதிர்த்து வாதாடுவதைவிட ஓர் ஏற்பாடு பலன் தரும். சபைப் போதகரைக் கூப்பிட்டு, டயாலிசிஸுக்குப் புறப்படும் முன் வீட்டு வாசலிலும், முடிந்து வந்தபின் கட்டிலருகிலும் ஜெபிக்கச் சொல்லுங்கள். சிகிச்சையும் ஜெபமும் ஒரே வேளையில் சேர்ந்துவிட்டால், இதுவா அதுவா என்ற போட்டியே எழாது. சுகம் உண்மையில் வந்திருந்தால் இரத்தப் பரிசோதனையில் தெரியும், டாக்டரே மருந்தைக் குறைப்பார் என்றும் சொல்லுங்கள். மருந்தை விடச் சொன்னவர் மறுபடியும் வந்தால், அதை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஆலோங்கிடம் (உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம்) வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) ஒழுங்காகக் கொடுக்காததால்தான் இப்படி என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டுமா?

வேண்டாம், அம்மா. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்த விதவையின் கதை 2 இராஜாக்கள் 4இல் இருக்கிறது. எலிசா அவளிடம் காணிக்கை கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீந்ததைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்றார். கடன் அடைவதும் வீடு சாப்பிடுவதுமே அந்தக் கதையில் தேவனுடைய வேலை.

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு வாங்கியது, இதுவரை கட்டியது, மீதி. வங்கிக் கடன், கார் கடன், கிரெடிட் கார்டு எல்லாவற்றுக்கும் ஏகேபிகே (கடன் ஆலோசனை நிறுவனம்) இலவசமாக ஆலோசனை தருகிறது. மாதத் தவணையைக் குறைத்துக் கொடுக்க வங்கிகளோடு அவர்களே பேசுவார்கள். ஆலோங் கடன் அவர்கள் கைக்குள் வராது. ஆனாலும் வங்கித் தவணை குறைந்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். உரிமம் பெற்ற வட்டிக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அதற்கு மேல் மாதாமாதம் கறப்பவர் யாராயிருந்தாலும், மிரட்டினால் போலீஸ் புகார் செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஏடிஎம் கார்டையும் அடையாள அட்டையையும் அடகாகக் கொடுத்திருந்தால் வங்கிக்குப் போய் கார்டை முடக்கி, சம்பளக் கணக்கை மாற்றுங்கள். ஓர் ஆலோங்கை அடைக்க இன்னோர் ஆலோங்கிடம் போவதில்தான் குடும்பங்கள் மூழ்குகின்றன.

கேள்வி: நாங்கள் சிறிய சபையின் வாலிபர் குழு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) யாராவது இறந்தாலோ, பெரிய நோய் வந்தாலோ போய்ப் பார்க்கிறோம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பேசாமல் திரும்பி வந்தால் குற்ற உணர்வாக இருக்கிறது.

பேசாமல் இருந்ததற்காக வருந்த வேண்டாம். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து விளக்கம் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது விளக்கம் சொன்ன அவர்களை. கத்திக் கேள்வி கேட்ட யோபுவே சரியாகப் பேசினார் என்று தீர்ப்பு வந்தது (யோபு 42).

நான்கு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் போகாதீர்கள். லய வீட்டு முன்னறையில் பத்துப் பேர் நின்றால் வீட்டுக்காரர் தேநீர் போட ஓட வேண்டியிருக்கும். இருபது நிமிடம் போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்ப்பதுதான் குடும்பத்தை அதிகம் நோகடிக்கிறது. ‘ஆண்டவர் சித்தம்’, ‘நல்ல இடத்துக்குப் போய்ட்டார், அழாதீங்க’, ‘எங்க வீட்லயும் இப்படித்தான்’ மூன்றையும் விட்டுவிடுங்கள். லாசருவின் கல்லறையில், அவனை எழுப்பப் போவது தெரிந்தும் இயேசு அழுதார். ‘சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது’ என்ற ரோமர் 8:28ஐப் பவுல் எழுதியதும் பாடு பட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத்தான், ஆனாலும் சடலத்தின் பக்கத்தில் நின்று அதை ஒப்பிப்பது வாயை அடைப்பதில் போய் முடிகிறது. ஜெபம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஜெபத்துக்குள் பிரசங்கம் வைக்க வேண்டாம்.

‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று யாரும் சொல்லாதீர்கள். துக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பிருக்காது. ‘புதன்கிழமை மத்தியானச் சாப்பாடு நாங்க கொண்டு வர்றோம்’ என்று சொல்லுங்கள். ‘ஜேபிஎன்னுக்கு (தேசியப் பதிவு அலுவலகத்துக்கு) நாளைக்கு நான் வண்டி ஓட்டுறேன்’ என்று சொல்லுங்கள். மரணச் சான்றிதழ் வாங்குவது, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) வாரிசு விண்ணப்பம், இறந்தவரின் குடும்பத்துக்கான சொக்சோ பென்ஷன், தோட்ட வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்களா என்று மேனேஜரிடம் கேட்பது எல்லாமே முதல் மாதத்தில் தலைக்கு மேல் வரும். சிலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. படிக்கத் தெரிந்த வாலிபர் ஒருவர் ஃபைல் தூக்கிக்கொண்டு கூடப் போவது, ஒரு முழு இரவு ஜெபத்துக்குச் சற்றும் குறைந்த ஊழியம் அல்ல.

எல்லாச் சபையிலும் தவறுவது ஒரே இடத்தில். முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம், மூன்றாம் மாதம் ஒருவரும் இல்லை. துக்கம் கனப்பது அந்த மூன்றாம் மாதத்தில்தான். ஆகவே பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு பட்டியல் போடுங்கள். வாரம் ஒருவர், அரை மணி நேரம். இறந்தவரின் பிறந்தநாள், திருமண நாள், முதல் கிறிஸ்துமஸ் ஆகியவற்றைக் குழுவின் நாள்காட்டியில் குறித்துவையுங்கள். பட்டியலை ஒருவர் தலையில் கட்டாமல் இருவர் கவனியுங்கள்.

உதவிப் பணம் சேர்ப்பதென்றால் எண்ணும்போது இருவர், கையெழுத்தும் இருவர், கணக்கு மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையில். பெறுபவரின் பெயர் மட்டும் பலகைக்கு வரக் கூடாது. மாதம் ஐந்து, பத்து வெள்ளி (ரிங்கிட்) போதுமா என்று தயங்காதீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளிகள் மாதாமாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித்தான் அது தோட்டங்களை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது.

கேள்வி: ஃபாதரை வரவழைத்து எண்ணெய் பூசினால் சாவு நெருங்கிவிட்டது என்று அம்மா பயப்படுகிறார். ஆப்பரேஷனுக்கு முன் பூசலாமா? ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கும் கூட்டிப்போக ஆசை.

பூசலாம். நோயில் பூசுதல் உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. கடும் நோய், பெரிய அறுவைச் சிகிச்சை, முதுமைத் தளர்ச்சி எதற்கும் கேட்கலாம். நோய் மோசமானால் மறுபடியும் பெறலாம். ஆப்பரேஷன் தேதி தெரிந்ததும் பங்கு அலுவலகத்தில் சொல்லிவையுங்கள், முந்தின இரவு பரபரப்பாகத் தேடாதீர்கள். அம்மா பயப்படாமலிருக்க, குடும்பம் முழுவதும் உடனிருந்து பாடி, பிறகு சேர்ந்து சாப்பிடுங்கள். புனித அன்னம்மாள் திருவிழா ஜூலை 26. அதையொட்டிய நாட்களில் கூட்டம் அலைமோதும். நோயாளிக்கு வேறு மாதத்தில் ஒரு சாதாரண நாளே நல்லது.

கேள்வி: மகனைப் பறிகொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. ‘இதில் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கு’ என்கிறார்கள். எனக்கு எதுவும் தெரியவில்லை. என் துன்பத்துக்கு அர்த்தமே இல்லையா?

உங்கள் மகன் இறந்ததற்கு இதுதான் காரணம் என்று எங்களாலும் சொல்ல முடியாது, ஐயா. சொல்லத் துணிபவரை நம்ப வேண்டாம். யோபுவுக்குக்கூடக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. ஆனாலும் ஆண்டவர் வந்தார், பேசினார். விளக்கம் கிடைக்காமலே யோபு எழுந்தார்.

கிறிஸ்தவ விசுவாசம் துன்பத்தில் அர்த்தம் காண்பது பெரும்பாலும் இன்னொருவர் பக்கம் திரும்பும்போது. ஆசியாவில் உயிர்மேலேயே நம்பிக்கை அற்றுப்போன தன் நிலையைப் பவுல் மறைக்காமல் எழுதுகிறார். அந்தப் பக்கத்திலேயே, தனக்குக் கிடைத்த ஆறுதலைக் கொண்டு எந்த உபத்திரவத்தில் இருப்பவரையும் ஆற்ற முடிகிறது என்கிறார் (2 கொரிந்தியர் 1). அவருக்கு வந்த துன்பம் நல்லதாக மாறிவிடவில்லை. உயிர்த்தெழுந்த இயேசுவின் உடலிலும் ஆணித் தழும்பு போகவில்லை. தோமாவுக்கு அவர் காட்டியது அதைத்தான்.

திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளைக் காத்து வளர்த்த எமி கார்மைக்கேல், 1931இல் விழுந்து அடிபட்டபின் 1951இல் மறையும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். அந்த ஆண்டுகளில் எழுதிக்கொண்டே இருந்தார், பலருடைய துயரத்துக்கும் பதில் சொன்னார். ஏன் விழுந்தேன் என்பதற்கு விடை கிடைத்த பிறகு அவர் எழுத உட்காரவில்லை.

இதைக் கேட்டு நாளைக்கே யாரையாவது ஆற்றப் புறப்பட வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தகப்பன் பேசும்போது, உங்கள் கதையை நடுவில் நுழைக்காமல் முழுவதும் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நேரம் வந்திருக்கிறது. சின்னதாகத் தொடங்குங்கள்: ஒருவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்ட ஒருவரோடு போவது. சபையில் மேடையேறிச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தினால் மறுத்துவிடுங்கள். சாட்சிக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்று கூட்டம் எதிர்பார்க்கும். இல்லாத முடிவை ஒட்டவைத்துப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், துக்கம் இரண்டு மடங்காக இருக்கும்.

கேள்வி: பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புற்றுநோய், வலி அதிகம். வேதம் வாசித்துக் காட்டச் சொல்கிறார். எதை வாசிப்பது? மார்ஃபின் குடித்தால் ஜெபிக்க முடியாமல் போகுமா?

வலியைத் தாங்கிக்கொண்டு கிடந்தால்தான் ஜெபம் கேட்கப்படும் என்பதில்லை, தம்பி. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் மார்ஃபினைக் கொடுங்கள். வலி ஏறும்வரை காத்திருந்து கொடுத்தால் கட்டுப்படுத்துவது கடினம். முதல் சில நாள் தூக்கக் கலக்கம் இருக்கும், பெரும்பாலும் பழகிவிடும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

23, 71, 121ஆம் சங்கீதங்கள் நல்லவை. 71 முதியவரின் சங்கீதம்: தலை நரைக்கும்போதும் கைவிடாதிரும் என்று கேட்பது. யோவான் 14இன் முதல் சில வசனங்களையும் வாசிக்கலாம். வெளிப்படுத்தின விசேஷத்தின் நடு அதிகாரங்கள் வேண்டாம். ஒரு வேளைக்கு ஓர் அதிகாரத்துக்கு மேல் போகாதீர்கள். வழக்கத்தைவிட மெதுவாக, அவர் காது நன்றாகக் கேட்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். சின்ன வயதில் பாடிய கீர்த்தனை எது என்று கேட்டு, முதல் வரியை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். பேச்சு குழறும் நிலையிலும் பழைய பாட்டு பலருக்கு வாயில் வரும். குடிக்கும் மார்ஃபின் மருந்து வேலை செய்ய அரை மணி நேரம் போல ஆகும். மருந்து கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அந்த அரை மணி கழித்து வாசிக்கத் தொடங்குங்கள்.